மச்சான் மரம்

கொடிக்கல்பதி, ஆனைகட்டி வழி
8.2.1997

போத்தனூர் ரயில்வே குடியிருப்பில் வசிக்கும் கீமேன் திரு. வெள்ளிங்கிரி அவர்களுக்கு, கொடிக்கல்பதி மூப்பன் செவணன் எழுதிக்கொண்டது.

உத்தியோகத்தில் இருப்பவர்களுக்கு "நீ" போட்டு எழுதக் கூடாது என்பதால் "நீங்கள்" போட்டிருக்கிறேன். நாலு வயதில் என் தோளில் உட்கார்ந்து மூத்திரம் பெய்த மச்சினன்தான் நீங்கள் என்பதைக் கொஞ்ச நேரம் மறந்துவிட்டு எழுதுகிறேன்.

நலம் விசாரிக்க இந்தக் கடிதம் இல்லை. உங்கள் நலம் பஷீர் பாய் மூலம் தெரிகிறது. தேன் வாங்க மலைக்கு வரும்போதெல்லாம் உங்கள் வீட்டு டி.வி.யைப் பற்றிச் சொல்கிறார். அதில் காடு, யானை எல்லாம் தெரிகிறதாம். நல்லது. பஸ் ஏறி இங்கே வரும் சிரமம் மிச்சம்.

சனிக்கிழமைதோறும் பதிப் பிள்ளைகளைக் காட்டுக்குக் கூட்டிப்போகிறேன், தெரியும்தானே. இப்போது பதினோரு பேர் வருகிறார்கள். விடுதிப் பள்ளியில் அவர்களுக்கு "இருளர் மலையில் வாழும் மக்கள்" என்று ஒரு வரி கற்றுக்கொடுக்கிறார்கள். அது பிள்ளைகளுக்கு முன்பே தெரிந்த விஷயம். மீதியை நான் சொல்கிறேன். எந்த ஊற்று சித்திரையிலும் வற்றாது, குட்டி போட்ட யானை எந்தப் பக்கம் இறங்கும், எந்தக் கிழங்கைத் தோண்டினால் கொடியைத் திரும்பப் புதைத்துவிட்டு வர வேண்டும், எந்தப் பாறைக்கு யார் பெயர், அந்தப் பெயர் ஏன் வந்தது.

இன்னும் சொல்லாமல் நிற்பது தேன்பாறை ஒன்றுதான். அதில் பதினான்கு படிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். மேலே உட்கார்ந்து சொன்னால் அது பாடம் ஆகாது. இறங்குகிறவன் கால் வைத்த படியில் நின்று பெயரைக் கத்த வேண்டும், மேலே இருப்பவர்கள் திருப்பிச் சொல்ல வேண்டும். என் அப்பன் எனக்கு அப்படித்தான் கொடுத்தான். என் முழங்கால் இன்னும் ஒரு பருவம் தாங்கும். அதற்குப் பிறகு அந்தப் பெயர்கள் என்னோடு மண்ணுக்குள் போகும்.

இறங்கக் கயிறு பிடிக்க ஒருவன் வேண்டும். யார் பிடிக்கலாம் என்பதை ரயில்வே உங்கள் தலையிலிருந்து துடைத்திருந்தால் மறுபடி எழுதுகிறேன். கூடப் பிறந்தவன் பிடிக்கக் கூடாது, நான் செத்தால் அவனுக்குப் பங்கு கூடும். மகன் பிடிக்கக் கூடாது, அவனுக்கும் அப்படித்தான். பெண்டாட்டியின் தம்பி பிடிக்கலாம். கயிற்றை விட்டால் அவனுடைய அக்காள்தான் வெறுங்கழுத்தோடு நிற்பாள், அதனால் அவன் விட மாட்டான்.

உங்களை அழைப்பதாக நினைக்க வேண்டாம். சித்திரை மூன்றாம் சனிக்கிழமை இறங்குகிறேன், தகவலுக்காக எழுதினேன்.

செவணன்


போத்தனூர்
19.2.1997

மாமா அவர்களுக்கு வெள்ளிங்கிரி எழுதுவது.

தகவல் கிடைத்தது. கேட்கவும் வேண்டும், கேட்ட மாதிரியும் இருக்கக் கூடாது என்றால் இப்படித்தான் எழுத வேண்டும் போல. வனத்துறை நாற்றுப் பண்ணையில் வாட்சராக இருந்து நாலு எழுத்துக் கற்றுக்கொண்டது இதற்காவது உதவுகிறதே.

பஷீர் பாய் என்னைப் பற்றி உங்களிடம் சொல்வது இருக்கட்டும். உங்களைப் பற்றி என்னிடம் சொன்னதைக் கேளுங்கள். போன மாதம் ஜங்ஷனில் பார்த்தார். நான் டியூட்டியில் இருந்தேன், பக்கத்தில் கேங்மேன்கள் மூன்று பேர். "ஏனுங்க வெள்ளிங்கிரி, மலையில உங்க பேர்ல ஒரு மரமே இருக்குதுங்களே. கொழந்தைங்க அத்தனையும் மச்சான் மரம், மச்சான் மரம்னு சுத்திச் சுத்தி வருதுங்க. கட்டிப்போட்டு ஓடிப்போலாம், கையி நோகாதுன்னு பாடுதுங்க. என்ன சங்கதிங்க அது?" என்றார். பாவம், எனக்குப் பெருமை என்று நினைத்துச் சொல்கிறார். மூன்று பேரும் சிரித்தார்கள். இப்போது லைனில் என் பெயரே அதுதான்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் நடந்தது போதவில்லையா உங்களுக்கு? கயிற்றை வேங்கை மரத்தில் கட்டினேன், ஆமாம். நீங்கள் மேலே ஏறி வந்து பார்த்தீர்கள். திட்டியிருந்தால் கேட்டுக்கொண்டிருப்பேன். கயிறு பிடித்தவனுக்குச் சேர வேண்டிய முதல் தேனடையைக் கொண்டுபோய், தேனுக்குக் கூடிய பதியே பார்க்க, அந்த மரத்தில் மாட்டினீர்கள். "சாப்பிடு மச்சான்" என்று மரத்தைப் பார்த்துச் சொன்னீர்கள். எறும்பு மொய்க்கும் வரை நான் அங்கேதான் நின்றேன்.

அதையும் பாடமாக்கிவிட்டீர்கள். உங்கள் காட்டுப் பள்ளிக்கூடத்தின் லட்சணம் இதுதான். நாவல் மரத்தை நாவல் மரம் என்று சொல்லிக்கொடுக்க ஒரு வாத்தியார், அதற்கு நகரத்துத் திருமூர்த்தி ஒரு சால்வை, பேப்பரில் ஒரு படம். உங்களிடம் படித்த பிள்ளைகள் எங்கே வேலைக்குப் போகும்? கரடிக்குக் குமாஸ்தாவாகவா?

என் மகள் லோகப்பிரியா பிளஸ் டூ படிக்கிறாள். நாளைக்கு மாரியம்மன் நோன்புக்கு அவள் பதிக்கு வந்தால் உங்கள் பிள்ளைகள் கையைப் பிடித்துக் கூட்டிப்போய், இதுதான் உன் அப்பன் என்று ஒரு மரத்தைக் காட்டும். நான் போய்ச் சேர்ந்த பிறகும் காட்டும். கயிறு பற்றிப் பேசுவதற்கு முன் அந்தப் பெயரை எடுங்கள்.

வெள்ளிங்கிரி


கொடிக்கல்பதி
3.3.1997

கீமேன் அவர்களுக்கு.

பெயரை எடுக்கச் சொல்லி எழுதியிருக்கிறீர்கள். அது ஸ்டேஷனில் எழுதி வைத்த பலகை இல்லை, பெயிண்ட் அடித்து மாற்றுவதற்கு.

நான் அந்தப் பெயரை வைக்கவில்லை. பிள்ளைகள் வைத்தார்கள். அந்த வழியாகப் போகும்போது ஒருத்தி "இது என்ன மரம்" என்று கேட்டாள். வேங்கை என்றேன். "அது தெரியும், இங்க என்ன நடந்துச்சு" என்றாள். நடந்ததைச் சொன்னேன். அவ்வளவுதான். நடந்ததைச் சொல்லாமல் மரத்தை மட்டும் காட்ட எனக்குத் தெரியாது. அதற்குத்தான் உங்களிடம் டி.வி. இருக்கிறது.

வலிக்கிறதாக்கும். ஊற்றுக்குக் கிழக்கே ஒரு பள்ளம் இருக்கிறதே, செவணன் பள்ளம். அது என் தாத்தன் பெயர். பஞ்ச காலத்தில் பதிக்குத் தெரியாமல் கிழங்கை ஒளித்து வைத்துத் தின்ற இடம் அது. அந்தத் தாத்தன் பெயரைத்தான் எனக்கும் வைத்தார்கள். ஏழு வயதில் என் அப்பன் என்னை அந்தப் பள்ளத்துக்குள் நிற்க வைத்துக் கதையைச் சொன்னான். அறுபத்து நாலு வயதிலும் பதினோரு பிள்ளைகள் முன்னால் நான் அதே பள்ளத்தில் இறங்கி நின்று, என் தாத்தன் திருடன் என்று சொல்கிறேன். எனக்கு மட்டும் தோல் தடிமனாக்கும்.

திருமூர்த்தியை இழுத்திருக்கிறீர்கள். அந்த ஆளை எனக்கு வேண்டியவர் என்று நினைத்தால் உங்களுக்கு மூளை மழுங்கிவிட்டது. மில் வைத்துச் சம்பாதித்தது போக மிச்சமிருந்த பொழுதுக்கு ஓர் அறக்கட்டளை ஆரம்பித்திருக்கிறார். "மூப்பரே, நீங்க மூலிகை பேரெல்லாஞ் சொல்லுங்க, நாங்க புஸ்தகம் போட்டுப்போடறோம்" என்றார். சொல்கிறேன், என் பின்னால் நடந்து வாருங்கள் என்றேன். காரிலிருந்து இறங்கி முந்நூறு அடி நடந்தார். அட்டை கடித்தது. "இங்கயே உக்காந்து சொல்லுங்க" என்றார். உட்கார்ந்துகொண்டு பன்னிரண்டு பெயர் சொன்னேன். அதில் நாலு பெயர் நான் அங்கேயே இட்டுக்கட்டியது. புத்தகம் வந்தால் ஒன்று வாங்கிப் படியுங்கள்.

சால்வை ஆட்டுக்குட்டிக்குப் போர்த்தியாகிவிட்டது.

ஓர் இடத்தின் பெயரை எடுக்க முடியாது. அங்கே வேறொன்று நடந்தால் கதை வளரும். இவ்வளவு விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கிறதே என்று எனக்கே கேவலமாக இருக்கிறது. சித்திரை மூன்றாம் சனிக்கிழமை.

செவணன்


போத்தனூர்
17.3.1997

மாமாவுக்கு.

உங்கள் கடிதத்தை என் வீட்டுக்காரி துளசியிடம் படித்துக் காட்டினேன். "ஒரு வாட்டி போய் வந்துபோடுங்க, அந்தக் கெழவருக்கு வேற ஆரு இருக்கறாங்க" என்றாள். அவளும் மனுஷிதான், இரக்கம் வருகிறது. எனக்கு வரவில்லை.

ஒரு யோசனை சொல்கிறேன். கோயமுத்தூரில் மலையேறும் சங்கம் ஒன்று இருக்கிறது. நைலான் கயிறு, இடுப்புப் பட்டை, இரும்புக் கொக்கி எல்லாம் வைத்திருக்கிறார்கள். இரண்டு பேரை அனுப்பச் சொல்கிறேன். யானையையே தொங்கவிடலாம். உங்கள் பாடத்தையும் நடத்தலாம், என் தயவும் வேண்டியதில்லை.

வேண்டாம் என்பீர்கள். மச்சினன்தான் பிடிக்க வேண்டும், அது முறை என்பீர்கள். அந்த முறையை நீங்களே எழுதி அனுப்பியிருக்கிறீர்கள், நான் ஒன்றுக்கு இரண்டு தரம் படித்தேன். கயிற்றை விட்டால் அக்காள் வெறுங்கழுத்தோடு நிற்பாள், அதனால் விட மாட்டான். சரி. அக்காள் எங்கே? ரங்கி அக்காள் செத்து இரண்டரை வருடம் ஆகிறது. உங்கள் சட்டப்படியே எனக்கும் அந்தக் கயிற்றுக்கும் என்ன சம்பந்தம்? உங்கள் உயிர் போனால் இன்றைக்கு யாருக்கு நஷ்டம்?

ஊருக்கெல்லாம் எந்தப் பாறையில் என்ன நடந்தது என்று சொல்கிறீர்கள். அக்காள் படுத்துக் கிடந்த குடிசையில் என்ன நடந்தது என்று இதுவரை எனக்குச் சொல்லவில்லை. தகவல் வந்து, லீவு வாங்கி, நான் வந்து சேர்ந்தது மூன்றாம் நாள். பார்த்தது மண்ணைத்தான். கேட்டதற்குக் "காய்ச்சல்" என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னீர்கள். ஊர்க் கதை ஒன்று விடாமல் தெரிந்த மூப்பனுக்குச் சொந்த வீட்டுக் கதை ஒரு வார்த்தைதானா?

எட்டு மைல் தண்டவாளம் என் பொறுப்பில் இருக்கிறது. தினமும் சுத்தியலோடு நடந்து, தண்டவாளத்தைக் கட்டையோடு பிடித்திருக்கும் ஒவ்வொரு இரும்புச் சாவியையும் தட்டி இறுக்குகிறேன். ஆயிரம் பேர் தூங்கிக்கொண்டே அதன் மேல் போகிறார்கள். எனக்குப் பொறுப்பைக் கற்றுக்கொடுக்க நீங்கள் வேண்டியதில்லை. வர மாட்டேன்.

வெள்ளிங்கிரி


கொடிக்கல்பதி
31.3.1997

வெள்ளிங்கிரிக்கு.

நைலான் கயிற்றை உன் டி.வி. ஏரியலுக்குக் கட்டு.

கயிறு அறுந்துவிடும் என்று பயந்து நான் மச்சினனைத் தேடுகிறேன் என்றா நினைத்தாய்? கொடிக்கயிறு அறாது, நானே முறுக்கியது. பிடித்திருக்கும் கயிறு வேறு, கட்டியிருக்கும் கயிறு வேறு. மேலே ஒருவன் பிடித்திருந்தால் நான் இடது பக்கம் சாயும்போது கயிறு ஒரு விரல் இளகும், நான் தேனீயை விரட்டப் புகையைத் திருப்பும்போது இறுகும். அவன் மூச்சு விடுவதுகூட என் இடுப்புக்குத் தெரியும். அன்றைக்கு எட்டாவது படியில் கயிறு செத்துப்போயிற்று. ஆறு படி இறங்கினேன், பதினான்கு படி ஏறினேன், மேலே யாரும் இல்லை என்று தெரிந்துகொண்டே. நீ என்றைக்காவது அப்படி ஒரு நாள் வேலை பார்த்திருக்கிறாயா? மேலே வந்து உன்னை வெட்டியிருக்க வேண்டும். தேனடையோடு விட்டேன்.

ரங்கி விஷயம் தனி. அதைக் கயிற்றோடு முடிச்சுப் போடாதே.

சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை பிள்ளைகள் என்னைக் கேட்பது ஒன்றே ஒன்றுதான். "மச்சான் எதுக்கு மரத்துல கட்டிப்போட்டுப் போனாரு?" எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்ல நாக்கு வரவில்லை. பீடி குடிக்கப் போனான், சோம்பேறி என்று சொல்லி வைத்திருக்கிறேன். அது பொய்யென்றால் எழுது. மெய்யென்றால் இனிமேல் தபால் தலையை வீணாக்காதே.

செவணன்


போத்தனூர்
14.4.1997

மாமாவுக்கு.

இன்று வருஷப் பிறப்பு. வீட்டில் எல்லோரும் கோனியம்மன் கோயிலுக்குப் போயிருக்கிறார்கள். இதை நாலாவது தடவை எழுதுகிறேன். மூன்றைக் கிழித்துப்போட்டேன்.

நான் பீடி குடிக்கப் போகவில்லை.

அக்காள் காரியத்தன்று பக்கத்துக் குடிசைச் சென்னியம்மாள் என்னிடம் ஒன்று சொன்னாள். அக்காள் இருபது நாள் கிடந்தாளாம். பத்தாம் நாளிலிருந்து, "தம்பிக்குச் சொல்லி உடுங்க, அவன் என்னைய பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவான்" என்று கேட்டுக்கொண்டே இருந்தாளாம். நீங்கள் வேரை அரைத்துக்கொடுத்து, "இது கேட்கும், பொறு" என்றீர்களாம். போத்தனூருக்குப் பஸ்ஸில் இரண்டு மணி நேரம். யாரும் வரவில்லை. அந்தப் பத்து நாளும் நான் இங்கே சாவி தட்டிக்கொண்டிருந்தேன்.

உங்களிடம் கேட்கவில்லை. கேட்டால் என்ன ஆகும் என்று எனக்கே பயம். ஆறு மாதம் கழித்துச் சித்திரையில் கயிறு பிடிக்க ஆள் அனுப்பினீர்கள். முறை என்று வந்தேன். கயிற்றை இடுப்பில் ஒரு சுற்றுச் சுற்றி இரண்டு கையாலும் பிடித்திருந்தேன். நீங்கள் ஒவ்வொரு படியாகப் பெயரைக் கத்திக்கொண்டு இறங்கினீர்கள். குரலில் ஒரு குறையும் இல்லை. பெண்டாட்டி செத்தவன் குரலாகவே இல்லை. ஏழாவது படியில் நீங்கள் கத்தியபோது, விட்டுவிடலாம் என்று எனக்குத் தோன்றியது.

தோன்றியது என்று எழுதுவது பொய். விட்டேன். கயிறு ஒரு முழம் ஓடியது. கீழேயிருந்து "ஏய்" என்று அதட்டினீர்கள். அந்த அதட்டலில் திரும்பப் பிடித்தேன். உள்ளங்கைத் தோல் உரிந்துவிட்டது. அதற்குப் பிறகு என் கையை நான் நம்பவில்லை. வேங்கை மரத்தில் மூன்று சுற்றுச் சுற்றி, தண்டவாளம் தூக்கப் போடும் முடிச்சைப் போட்டேன். இரண்டு தரம் இழுத்துப் பார்த்தேன். பிறகு அங்கேயிருந்து விலகி ஓடிப்போய், நீங்கள் மேலே ஏறி வரும் வரை ஓடைக்கரையில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்தால் அவிழ்த்திருப்பேன். மரத்துக்கு அக்காள் கிடையாது. அதனால் மரத்திடம் கொடுத்தேன்.

இதைச் சொல்லுங்கள் உங்கள் பிள்ளைகளிடம். சோம்பேறி என்ற பெயரைவிடக் கொலைகாரன் என்ற பெயர் எனக்குப் பரவாயில்லை.

துளசி சொல்கிறாள் என்பதற்காக இல்லை, அந்தப் பிள்ளைகளுக்காகவும் இல்லை. உங்கள் மேல் எனக்கு மரியாதை ஒரு பொட்டுக்கூட மிச்சமில்லை. ஆனாலும் வரச் சொன்னால் வருகிறேன், கயிறு பிடிக்கிறேன். ஒரு நிபந்தனை. ஏழாவது படியில் நீங்கள் தொங்கும்போது அக்காளைப் பற்றிக் கேட்பேன். அந்தப் பத்து நாள் ஏன் எனக்குச் சொல்லி அனுப்பவில்லை என்று கேட்பேன். அங்கே நின்று பதில் சொல்ல வேண்டும். சம்மதமா?

வெள்ளிங்கிரி


கொடிக்கல்பதி
22.4.1997

வெள்ளிங்கிரி,

அந்த ஒரு முழத்தை உன் சோம்பல் கணக்கில் எழுதி இரண்டு வருடம் ஏசிக்கொண்டிருந்தேன். என்னைப் போல முட்டாள் இந்த மலையில் இல்லை.

போன சனிக்கிழமை பிள்ளைகளை வேங்கையடியில் உட்கார வைத்து, சோம்பேறி என்று நான் சொன்னது பொய் என்றேன். மச்சான் தன் கைக்குப் பயந்து மரத்தில் கட்டினான், கட்டாமல் போயிருந்தால் நான் இன்றைக்கு இல்லை என்று மட்டும் சொன்னேன். கைக்கு என்ன என்று கேட்டார்கள். அதைச் சொல்ல இன்னொருவரும் வர வேண்டும் என்றேன். பாட்டை நிறுத்திவிட்டார்கள். பெயர் அப்படியே இருக்கிறது, இருக்கட்டும்.

என்னை நீ மதிக்க வேண்டியதில்லை. நானும் உன்னை மதித்து எழுதவில்லை. படுக்கையில் விழுவதற்கு முன்னால் அக்காள் ஒரு வருடமாக வரச் சொல்லியும் ஊர்ப்பக்கம் எட்டிப் பார்க்காதவன் நீ. அதை மறந்து உன்னை நல்லவனாக்க என்னால் முடியாது.

சம்மதம். ஆனால் சனிக்கிழமை அல்ல, பிள்ளைகள் முன்னால் அல்ல. வெள்ளிக்கிழமையே வா. காலைப் பனி விலகுவதற்குள் நாம் இரண்டு பேர் மட்டும் பாறைக்குப் போவோம். அன்றைக்குத் தேன் எடுக்கப் போவதில்லை. ஏழாவது படி வரை இறங்குவேன், அங்கே நிற்பேன், கேள். தரையில் நின்று கேட்டால் நான் வீம்பு பேசுவேன், வேரைப் பற்றி, முறையைப் பற்றி, முன்னோரைப் பற்றி. இரண்டரை வருடமாக எனக்கு நானே பேசிக்கொள்வது அதுதான். உன் கையில் தொங்கும்போது பேச மாட்டேன். என்ன நடந்ததோ அதைச் சொல்வேன்.

கேட்ட பிறகு உன் கை என்ன செய்யும் என்று உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. மரத்தில் கட்டாதே.

நான் மேலே வந்தால் சனிக்கிழமை பாடம் உண்டு.

செவணன்